புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஓர் உதவிபெறும் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஒரு புத்தகத்துக்காக எங்கள் ஆய்வு மாணவர்கள் நாகர்கோவிலில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குகிறார்கள். நான்கைந்து கல்லூரி நூலகங்கள் கூட்டமைப்பாகச் சேரலாம் என்று பேசுகிறோம். இதழ்களைச் சேர்ந்து வாங்குவதிலிருந்து தொடங்கலாமா?

பதில்: இதழ்களை விடுங்கள். கல்லூரி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் காந்திநகரில் இருக்கிறது. அதன் என்-லிஸ்ட் திட்டத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டினால் ஆயிரக்கணக்கான மின்னிதழ்கள் கிடைக்கும். ஐந்து கல்லூரிகள் சேர்ந்து பதிப்பகங்களிடம் பேரம் பேசினாலும் அந்த விலை படியாது. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது, இலவசம்.

உங்கள் மாணவர்கள் அலைவது அச்சுப் புத்தகத்துக்கு. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கூட்டுப் பட்டியல் போடுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். அதை வைத்திருக்கும் கல்லூரிகளின் பதிவுகளை, நூலகப் பட்டியல்களுக்கான பொது வடிவமான மார்க் (MARC) வடிவில் எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடலாம். எக்செல் மட்டும்தான் இருக்கிறதா? அதுவும் போதும்.

சிக்கல் எழுத்துக்கூட்டலில் வரும். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். ‘திரு’ என்பதை ஒருவர் எச் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் அடித்திருப்பார். தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. தமிழ்ப் புத்தகத்தை யூனிகோடில் தமிழிலேயே ஏற்றுங்கள். 1956 வரை நம் குமரிப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பழைய அலமாரிகளில் மலையாளப் புத்தகங்களும் இருக்கும், அவற்றை மலையாள எழுத்திலேயே ஏற்றுங்கள்.

அப்புறம், கூட்டமைப்பு என்றதும் கல்லூரி முதல்வர்கள் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஸ்டாக் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்வது நூலகர்தான். அந்தப் பயத்தில்தான் பலர் ‘ரெஃபரன்ஸ்’ முத்திரை குத்தி, புத்தகத்தை வெளியே விடுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆகவே ஒப்பந்தத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: கடன் வாங்குவது மாணவர் அல்ல, அவருடைய கல்லூரி நூலகம். புத்தகம் தொலைந்தால் அந்த நூலகம் வேறு பிரதி வாங்கித் தர வேண்டும், இல்லையென்றால் விலையைக் கட்ட வேண்டும். மாணவரிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. படிப்பு முடித்துப் போகும்போது பாக்கி இல்லை என்று ‘நோ டியூ’ சான்று கொடுக்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அரிய புத்தகங்களை அனுப்ப வேண்டாம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தைப் பற்றிய நாகம் அய்யாவின் ‘திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்’ 1906-ல் வந்தது, காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதன் பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால், ஒரு முறை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். காப்புரிமை உள்ள புத்தகம் என்றால், ஆய்வுக்குத் தேவையான சில பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரியர் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். நாகர்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் உங்கள் கல்லூரிக்கு வரும் ஊழியர் ஒருவராவது இருப்பார். வாரம் ஒரு நாள், ஒரு துணிப்பை, கையெழுத்து வாங்க ஒரு நோட்டு. முதல் செமஸ்டருக்கு இரண்டே கல்லூரிகள் போதும்.