வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளின் நலனுக்கு எந்த அலுவலகம், எந்த ஆவணம்?

கேள்வி: என் அக்கா இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். அக்காவின் கணவர் வீட்டைவிட்டுப் போனவர், எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஏழாவதும் நான்காவதும் படிக்கும் இரு பிள்ளைகளும் எங்கள் அம்மாவிடம் வளர்கிறார்கள். பெற்றோரை இழந்த எல்லாக் குழந்தைகளுக்கும் மாதம் ஐயாயிரம் ரூபாய் கிடைக்கும், படிவத்துக்கு முந்நூறு ரூபாய் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இது உண்மையா? சரியான தகவலை எங்கே தேடுவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முந்நூறு ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள். இத்தகைய அரசு உதவிக்கான விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற இடத்திலேயே அந்தச் செய்தி பொய் என்பது தெரிந்துவிடுகிறது. ஆனாலும் இப்படிப்பட்ட செய்திகள் பெரும்பாலும் ஏதோ ஓர் உண்மையைப் பிய்த்தெடுத்துத் திரித்தவையாகவே இருக்கும். உங்களுக்கு வந்ததும் அப்படித்தான், அதன் பின்னால் இரண்டு வெவ்வேறு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வின் கீழ் வரும் நிதி ஆதரவு. உறவினர் பராமரிப்பில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகள், கணவரை இழந்த தாயின் பிள்ளைகள் போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. கிராமப்புறமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். மற்றொன்று, தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’. இதில் மாதம் 2,000 ரூபாய். இரண்டுமே “எல்லாக் குழந்தைகளுக்கும்” உரியவை அல்ல.

இந்த இரண்டைப் பற்றியும் விசாரிக்க நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. திட்டத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் வலைத்தளங்களில் அலைந்துகொண்டே இருப்பீர்கள், ஏனென்றால் திட்டங்களின் பெயர்கள் மாறும், துறைகளின் பெயர்களும் மாறும்; பொறுப்புள்ள அலுவலர் யார் என்று கேட்டுப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் அக்காவின் பிள்ளைகளைப் பொறுத்தவரை தந்தை உயிருடன் இருந்து கைவிட்டுப் போயிருப்பதால், அதைப் பதிவு செய்வதுதான் முதல் சிக்கல். அங்கேதான் குழந்தைகள் நலக் குழு தேவைப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, ஒரு தலைவரையும் நான்கு உறுப்பினர்களையும் கொண்ட இக்குழுவுக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று முடிவு செய்யும் அதிகாரம் உண்டு. அலகின் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கையும் குழுவின் பரிந்துரையும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழுவுக்குப் போகும்.

ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் பார்த்த காட்சியை இங்கே சொல்ல வேண்டும். மஞ்சள் பையில் மகளின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, பேரனின் ஆதார், பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் ஒரு பாட்டி. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: பேரன் பெயரில் வங்கிக் கணக்கு. அதைப் பற்றி அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு பேருந்து மாறி வந்தவர் மறுபடியும் வர வேண்டியதாயிற்று. ஆகையால் உங்கள் அம்மா கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் கணக்குத் தொடங்கிவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் விசாரிக்க அந்த எண்தான் பிடிமானம்.

அலகின் முகவரி தெரியாவிட்டால் 1098ஐ அழையுங்கள், கட்டணமில்லை. 1996இல் மும்பையில் தெருவோரக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய உதவி எண் இது. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். உதவிக்கு வழி கேட்பவர்களும் தாராளமாக அழைக்கலாம்.

கேள்வி: நான் சமூகப்பணி முதுகலை மாணவன். தென்காசி மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் பற்றி ஆய்வு செய்கிறேன். மாவட்ட அளவிலான புள்ளிவிவரம் எங்கும் கிடைக்கவில்லை. ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண் இருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: எண்கள் வேறுபடுவதற்குக் காரணம் அவை அளக்கும் பொருளே வேறு என்பதுதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வீடு வீடாகச் சென்று 20 முதல் 24 வயதுப் பெண்களிடம், எந்த வயதில் திருமணம் நடந்தது என்று கேட்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றில், அந்த வயதினரில் 18 நிறைவதற்குள் மணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு, இந்தியாவில் 23.3 விழுக்காடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகளை மட்டும் எண்ணுகிறது. வழக்கு கூடினால் திருமணம் கூடிவிட்டது என்று பொருளில்லை. அலுவலர்கள் விழிப்பாக இருந்தார்கள் என்பதாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைத்து ஒப்பிட்டு எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இனி தென்காசி. அந்த மாவட்டம் 2019இல்தான் பிரிக்கப்பட்டது. ஐந்தாவது கணக்கெடுப்போ 2017 மார்ச்சில் இருந்த மாவட்ட எல்லைகளைப் பின்பற்றியது, அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்தன. எனவே அச்சுற்றில் தென்காசிக்கென்று தனி அறிக்கை இருக்காது. திருநெல்வேலியின் மாவட்டத் தகவல் அறிக்கைதான் உங்களுக்குக் கிடைக்கும். தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் அதைத் தென்காசி வட்டங்களுக்கு மட்டும் நீங்களாகப் பிரித்தெடுக்கவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படியல்ல, வட்டம் வட்டமாகவும் ஊர் ஊராகவும் எண்ணப்பட்டது. இன்றைய தென்காசிக்குள் வரும் வட்டங்களைக் கூட்டி மக்கள்தொகையையும் எழுத்தறிவையும் நீங்களே கணக்கிடலாம், பழைய எண்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடுங்கள்.

தடுத்து நிறுத்தப்பட்ட திருமணங்களின் எண்ணிக்கை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும். நேரில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தமிழிலேயே எழுதுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். “குழந்தைத் திருமணம் பற்றிய எல்லா விவரங்களும்” என்று கேட்காதீர்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த ஒன்றியம் என்று குறித்துக் கேளுங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது சமூக நலத் துறை ஆண்டுதோறும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலும் வெளியாகிறது. திட்டத்தின் தொடக்கம், நிதி ஒதுக்கீடு, பயனாளிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் நூல் அது. மாணவர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. பேட்டி கண்ட சிறுமிகளின் பெயரோ ஊரோ பள்ளியோ ஆய்வேட்டில் வரக்கூடாது.

கேள்வி: மருமகன் என் மகளை அடிக்கிறார். இருவருக்கும் ஆலோசனை சொல்ல இடம் உண்டா? வக்கீல் வைக்க வசதியில்லை.
– ஒரு தாய், சேலம்

பதில்: வக்கீலுக்காகத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வழக்கறிஞர் இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100ஐ அழைக்கலாம். அடி விழுவதால், ஆலோசனைக்கு முன் மகளின் பாதுகாப்பைப் பாருங்கள்: 181ஐ அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள், தங்கவும் சிகிச்சை பெறவும் அங்கே ஏற்பாடு உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரிடமும் போகலாம், மகள் சொல்வதை அவர் எழுதிக்கொள்வார். காயத்துக்கு மருந்து போட்ட மருத்துவமனைச் சீட்டு இருந்தால், அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.