மைல்ஸ் இருக்கு, சீட்டைக் காணோமே!

கிரெடிட் கார்டு தேய்த்துச் சேர்த்த மைல்ஸில், அதாவது விமானக் கம்பெனிகளின் பரிசுப் புள்ளிகளில், டிக்கெட் எடுப்பது பற்றி காவிரி டெல்டா பக்கத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: சென்னை–சிங்கப்பூர் விமானத்தில் பாதி சீட் காலி. மைல்ஸில் தேடினால் ஒன்றும் இல்லை என்கிறது. ஏன் சார்?

ஆற்றில் தண்ணீர் ஓடுவது வேறு, உங்கள் வாய்க்கால் மதகு திறப்பது வேறு இல்லையா, அது மாதிரிதான். காசுக்குப் போகாது என்று கம்பெனி கணக்குப் போடும் சீட்டில் சிலதுதான் மைல்ஸுக்கு வரும். அந்தக் கணக்கு நாளுக்கு நாள் மாறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ‘சேவர்’, ‘அட்வான்டேஜ்’ என்று ரகங்கள் உண்டு. சேவருக்கு மைல்ஸ் குறைவு, அதனால் சீக்கிரம் தீரும். வெயிட்லிஸ்ட்டில் பேர் போட்டு வைக்கலாம். அதை நம்பிக் கல்யாணத் தேதி மட்டும் குறிக்காதீர்கள்.

மயிலாடுதுறை அக்கா ஒருவர்: நாங்கள் நாலு பேர். பொங்கலுக்கு சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகணும். எந்தத் தேதி போட்டாலும் இல்லை என்றே வருதே தம்பி?

நாலு பேர் என்று போட்டால், மூணு சீட் இருந்தாலும் இல்லை என்றுதான் காட்டும் அக்கா. முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்க, அப்புறம் இரண்டு. இரண்டு பேர் புதன், இரண்டு பேர் வியாழன் என்று பிரித்துக்கொள்ள முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. போவதையும் வருவதையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒரு பக்கம் இல்லாததால் மறுபக்கமும் மறைந்துவிடும். பொங்கலுக்கு முன்னால் கூட்டம் இங்கே வருகிற பக்கம்தான், நீங்கள் எதிர்த் திசை. அது நல்லதுதான்.

கும்பகோணம்: 2028 மகாமகத்துக்குத் தம்பி குடும்பம் லண்டனிலிருந்து வரணும். இப்பவே பிடித்து வைக்கலாமா?

முடியாது. பறக்கும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னால்தான் எந்தக் கம்பெனியும் விற்பனையைத் திறக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் 355 நாள். திறக்கும்போதே சில சீட்டை மைல்ஸுக்கு விடுவதாக அவர்கள் உறுதி சொல்லியிருக்கிறார்கள். திறப்பது லண்டன் நள்ளிரவில். மார்ச்சில் நமக்கு அது விடிகாலை 5.30. தம்பியை 2027 மாசி, பங்குனியில் அலாரம் வைக்கச் சொல்லுங்கள். திரும்பும் நாள் அப்போது திறந்திருக்காது, அதைத் தனியாகப் போட வேண்டியதுதான்.

பட்டுக்கோட்டை: கார்டு பாயிண்ட்ஸை முதலில் ஏர்லைன் மைல்ஸாக மாற்றி வைத்துவிடலாமா அண்ணே?

வேண்டவே வேண்டாம் தம்பி. நான் ஒரு தடவை சீட்டைப் பார்த்த சந்தோஷத்தில் மொத்தத்தையும் மாற்றினேன். பாயிண்ட்ஸ் வந்து சேர இரண்டு நாள். அதற்குள் சீட் போய்விட்டது. பாயிண்ட்ஸோ போனது போனதுதான், திரும்ப கார்டுக்கு வராது. இன்றைக்கும் அங்கேயே கிடக்கிறது. காலாவதி ஆவதற்குள் எங்காவது போகணும்!

இன்னொன்று: சில சமயம் கூட்டாளி ஏர்லைன் சீட் திரையில் தெரியும், பணம் கட்டும் பக்கத்தில் காணாமல் போகும். அதனால் பெயரெல்லாம் போட்டுக் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார். போன் பண்ணியும் கேட்டுக்கொள். அப்புறம் மாற்று.

திருவாரூர்: திருச்சியிலிருந்தே மைல்ஸில் ஏற வழி உண்டா?

குறைவு. ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளைதான், ஆனால் அது இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கம்பெனிகளின் கூட்டணியில் ஸ்கூட் இல்லை. வேறு கம்பெனி மைல்ஸ் அங்கே செல்லாது. ஸ்ரீலங்கன் மட்டும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இருக்கும் ஒன்வேர்ல்டு கூட்டணியில் 2014 முதல் இருக்கிறது. திருச்சி–கொழும்பு சுமார் 420 கிலோமீட்டர்தான். ஏவியோஸில் (பிரிட்டிஷ் ஏர்வேஸ் மைல்ஸின் பெயர்) தூரத்தை வைத்துக் கணக்கு என்பதால் கம்மியாக முடியும். டாக்ஸ் தனியாகக் கையிலிருந்து கட்டணும், அதையும் கூட்டிப் பாருங்கள். சில நாள் காசு டிக்கெட்டே மலிவாக இருக்கும்.

மற்றபடி சென்னைதான். மயிலாடுதுறைக்குப் போய் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலை தாம்பரம், அங்கிருந்து மீனம்பாக்கம் பக்கம்தான். ஆனால் காலை விமானத்துக்கு அந்த ரயிலை நம்பாதீர்கள், மத்தியானத்துக்கு மேல் கிளம்புகிறதாகப் பாருங்கள்.