கேட்டலாக்கைக் களையலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. குலசேகரம் பக்கம் வீடு. பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி மரவேலை பழகுகிறேன். இதுவரை இரண்டு ஸ்டூலும் ஒரு சின்னப் புத்தக அலமாரியும் செய்திருக்கிறேன். என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய கேட்டலாக்குகள் இருக்கின்றன. கீல், பூட்டு, டிராயர் சேனல், பிளைவுட், கைக்கருவி என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் கேட்டு வாங்கிச் சேர்த்தவை. சில 25 வருடம் பழையவை. “எல்லாம் போனில் இருக்கிறது, இது கரையானுக்குத்தான் தீனி” என்கிறாள் மகள். அவள் சொல்வது சரிதானா? என்னைப்போல் பொழுதுபோக்காகப் பழகுகிறவனுக்கு எது உதவும், அச்சிட்ட கேட்டலாக்கா, இணையமா? இன்னொன்று: போன வாரம் காற்றில் விழுந்த பூவரசு ஒன்றின் தடி சாய்ப்பில் கிடக்கிறது. அதில் என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

பெட்டியைக் களைந்துவிடாதீர்கள். மகளிடம் கோபப்படவும் வேண்டாம், அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் பூஜை சாமான்கள் வைக்க ஒரு சுவர் அலமாரி செய்தேன். கதவு சட்டத்துக்கு உள்ளே அடங்கி, முகப்போடு சமமாக நிற்க வேண்டும் என்பது ஆசை. கீலை இணையத்தில் வாங்கினேன். “35 மி.மீ., சாஃப்ட் குளோஸ், 10 எண்ணம்” என்று போட்டிருந்தது. படமும் பளிச்சென்று இருந்தது. வந்ததும் கதவில் 35 மி.மீ. குழி எடுத்துப் பொருத்தினேன். கதவு சட்டத்துக்குள் போகவே இல்லை. பக்கப்பலகையின் முகத்தில் போய் முட்டி நின்றது. கீலில் குறை ஒன்றும் கிடையாது. அது பக்கப்பலகையை முழுதாக மூடும் கதவுக்கான கீல். உள்ளே அடங்கும் கதவுக்குக் கை நன்றாக வளைந்த கீல் வேண்டும். கடைக்காரர்கள் 0 கிராங்க், 8 கிராங்க், 16 கிராங்க் என்று சொல்வது இந்த வளைவைத்தான். எனக்கு வேண்டியது 16. அந்த வார்த்தையே அப்போது எனக்குத் தெரியாது. தெரியாத வார்த்தையை எப்படித் தேடுவது?

பிறகு என் பழைய கேட்டலாக் ஒன்றைப் பிரித்தேன். ஒரே பக்கத்தில் மூன்று வெட்டுப்படங்கள். முழுக்க மூடும் கதவு, ஒரு நடுப்பலகையை இரண்டு கதவுகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வது, உள்ளே அடங்கும் கதவு. மூன்றிலும் கீலின் கை எப்படி வளைகிறது என்பது கோட்டுப்படமாக, அளவோடு. அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் “1 இஞ்சு 3 நூல்” என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் எனக்கு உளி பிடிக்கச் சொல்லித்தந்த மூத்த ஆசாரி. கீழே அவருடைய பெருவிரல் ரேகை எண்ணெய்க் கறையாக அப்படியே இருக்கிறது. ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஆகவே 1 இஞ்சு 3 நூல் என்பது 34.9 மி.மீ., கீலின் குழிக்கு அது போதும். அதற்கு அடுத்த பக்கத்தில், அலமாரித் துளைகளுக்கிடையே 32 மி.மீ. என்று போட்டிருக்கும் இடத்தில், “1 இஞ்சு 2 நூல்” என்று எழுதி அடித்திருக்கிறார். அடித்தது ஏன் என்று கேட்டேன். 1 இஞ்சு 2 நூல் 31.75 மி.மீ. தான். ஒரு துளைக்குக் கால் மில்லிமீட்டர் குறைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்துத் துளை தள்ளிப் போனால் இரண்டரை மில்லிமீட்டர் குறைந்திருக்கும், தொழிற்சாலையில் துளைத்து வரும் சேனல் அதில் உட்காராது. ஒரு தடவை அப்படி ஆகிவிட்டதால் அதன்பின் அந்தத் துளைகளுக்கு மட்டும் மி.மீ. டேப்பை எடுப்பாராம். “மக்கா, இந்த ஏட்ட மட்டும் களஞ்சிராத, என் கணக்கெல்லாம் இதுலதான் கெடக்கு” என்று சொல்லித்தான் அதை எனக்குத் தந்தார். போனில் பார்க்கும் பக்கத்தில் இப்படி ஒரு ஓரம் கிடையாது.

கேட்டலாக்கின் இன்னொரு குணம், நாம் கேட்காததையும் அது பக்கத்திலேயே வைத்திருக்கும். கீல் தேடிப் போன அன்றுதான் பிவட் ஹிஞ்ச் என்ற ஒன்றைப் பார்த்தேன். கதவின் பக்கவாட்டில் அடிக்காமல், மேலேயும் கீழேயும் முளை வைத்துச் சுழல விடுவது. பார்த்ததும் சிரித்துவிட்டேன், நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கும் கதவுக் குடுமிதான் அது! மரத்தில் இருந்தது இரும்பில் வந்திருக்கிறது. இதை ஒருநாளும் நானாகத் தேடியிருக்க மாட்டேன்.

இப்படிப் பரப்பி வைத்துக் காட்டும் வழக்கம் பழையது. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்துக் கருவிகளைச் செதுக்குப் படங்களாக அச்சிட்டு ஜோசப் ஸ்மித் என்பவர் 1816-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உளியும் ரம்பமும் பக்கம் பக்கமாக அதில் வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தக்கலை தாண்டி பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள் (திங்கள்கிழமை பூட்டியிருக்கும்). விதானத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஆசாரிமார் தங்களுக்குத் தெரிந்த பூவையெல்லாம் வரிசையாக வைத்துக் காட்டிய ஏடு போலவே எனக்கு அது ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இனி மகள் சொன்ன பாதி. கையால் செய்கிற காரியத்தை அச்சிட்ட படம் சொல்லித்தராது. உளி தீட்டும்போது மணிக்கட்டு அசையாமல் தோளிலிருந்து தள்ள வேண்டும் என்பதைப் பத்துப் படம் போட்டாலும் புரிய வைக்க முடியாது. ஒரு காணொளி போதும். இழைப்புளி சரியாக ஓடும்போது வரும் சத்தம், சீவல் சுருண்டு வரும் விதம், இவை காதிலும் கண்ணிலும் விழ வேண்டும்.

நம் ஊர் அயனி மரத்தை இழைத்திருப்பீர்கள். இழை ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியும் ஓடும் பலகைகள் அதில் உண்டு. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் எங்கேயாவது பிய்ந்துகொண்டு வரும். பலாவும் சில நேரம் அப்படித்தான். பல வருடம் நான் உப்புத்தாள் போட்டே சமாளித்தேன். ஜப்பானில் யமகாட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கவாய், கட்டோ இருவரும் இழைப்புளியின் வாய்க்குள் நடப்பதை மிக அருகிலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள். வெட்டும் தகட்டின்மேல் வைத்து முறுக்கும் இரண்டாவது தகட்டை, வெட்டுமுனையிலிருந்து 0.1 முதல் 0.3 மி.மீ. தள்ளி மட்டும் வைத்தால், சீவல் எழும்பும் இடத்திலேயே மடங்கிவிடுகிறது. மரத்தைக் கிழித்துக்கொண்டு முன்னே ஓட அதற்கு இடம் கிடைப்பதில்லை. அந்தப் படம் இணையத்துக்கு வந்த பிறகு உலகம் முழுவதும் பொழுதுபோக்கு மரவேலைக்காரர்கள் தகடு வைக்கும் முறையை மாற்றிக்கொண்டார்கள். நானும்தான். எந்தக் கருவிக் கேட்டலாக்கிலும் இதை நான் படித்ததில்லை. விற்க அச்சிட்டது அது, தன் சரக்கின் குறையையும் சொல்லாது. பிளைவுட் உப்பிப் போனதை வாங்கியவர் எழுதினால்தான் நமக்குத் தெரியும், அது இணையத்தில்தான் கிடைக்கும்.

ஆனால் இணையத்தில் மரவேலை சொல்லித்தருகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் கவலை வேறு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றும்போது மரம் காய்ந்து சுருங்குவதைச் சொல்வார்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. வருடத்தில் இரண்டு முறை டிராயர் இறுகும். பலகை நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் உப்பும். அதிலும் மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டி அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்கே அறுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அசையும். ஆகவே டிராயரைச் சுற்றி விட அவர்கள் சொல்லும் இடைவெளியை அப்படியே எடுக்காமல், கார்த்திகையில் செய்கிறீர்களா, மாசியில் செய்கிறீர்களா என்று பார்த்து இடைவெளி விடுங்கள். மாசியில் செய்தால் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும்.

மரத்தின் பெயரும் ஒரு தடை. அயனி என்று தேடினால் அதிகம் கிடைக்காது. ஆர்ட்டோகார்ப்பஸ் ஹிர்சூட்டஸ் என்ற தாவரவியல் பெயரைப் போடுங்கள், கேரளக்காரர்கள் ஆஞ்சிலி என்று எழுதியதும் வந்து சேரும். உங்கள் ஊரைச் சுற்றிலும் நிற்கும் ரப்பர் மரத்துக்கும் அப்படியே, ஹீவியா என்று தேட வேண்டும். அதை அறுத்தவுடன் போரிக் மருந்து ஏற்றாவிட்டால் வண்டும் நீலப் பூசணமும் பிடித்துவிடும் என்ற விவரமெல்லாம் அங்கே விரிவாகவே இருக்கிறது.

உங்கள் பூவரசுக்கு வருகிறேன். அதன் தாவரவியல் பெயர் தெஸ்பீசியா பாபுல்னியா. ஹவாய்த் தீவுகளில் இதற்கு மைலோ என்று பெயர். அந்தப் பெயரில் தேடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் இதில் கடைந்த கிண்ணங்களைப் பார்த்தால், நாம் வேலிக்கு நட்ட மரமா இது என்று இருக்கும், உள்வைரம் அவ்வளவு ஆழ்ந்த சிவப்புப் பழுப்பு. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி அங்கே மங்கிபாட், நம் கடற்கரைப் புன்னை அங்கே கமானி. இரண்டிலும் அருமையாகக் கிண்ணம் கடைகிறார்கள். இந்த மூன்று பெயர்களுக்காக மட்டுமே நான் இணையத்துக்கு நன்றி சொல்வேன். கடைசல் இயந்திரம் இல்லையென்றாலும் பரவாயில்லை, குடைவுளி இருந்தால் கையாலேயே ஒரு தட்டு குடையலாம்.

சரி, பெட்டிக்கு வருவோம். பழைய விலைப்பட்டியல்களைக் களைந்துவிடுங்கள், அந்த விலைக்கு இனி எதுவும் கிடைக்காது. மைக்கா வண்ணப் புத்தகங்களும் வேண்டாம், அச்சில் தெரியும் நிறம் கடைச் சரக்கில் இருப்பதில்லை. பிளைவுட் கேட்டலாக்கில் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று எது சாதா, எது தண்ணீர் தாங்கும் மெரைன் வகை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். கீல், பூட்டு, சேனல், இவை மூன்றிலும் அளவோடு கோட்டுப்படம் உள்ள ஒரு பக்கத்தைக்கூட விடாதீர்கள், எவ்வளவு பழையதானாலும். கம்பெனி ஒரு பூட்டை நிறுத்தியதும் இணையத்தில் அதன் பக்கத்தையும் எடுத்துவிடுகிறது. 25 வருடத்துக்கு முன் போட்ட டிராயர் பூட்டு கெட்டுப்போய், அதே குழியில் உட்காரும் வேறு பூட்டைத் தேடும்போது அந்தப் பழைய அளவு உங்கள் பெட்டியில்தான் இருக்கும். வெளிநாட்டில் இப்படிப்பட்ட கருவிக் கேட்டலாக்குகளை, நூறு வருடம் பழைய ஸ்டான்லி கேட்டலாக் உட்பட, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைத்தவற்றை யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மகளை உட்கார்த்தி உங்கள் பெட்டியில் உள்ளதைப் போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த வேலை அது. ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தால் அதுவும் விழும்படி எடுக்க வேண்டும். எனக்கும் அனுப்புங்கள்.

அப்புறம், பூவரசுத் தடி விழுந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இரண்டு முனைகளிலும் இன்றைக்கே பழைய பெயிண்டோ மெழுகோ கனமாகப் பூசி, செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். முனை காய்ந்து வெடிப்பு ஏறத் தொடங்கினால் கிண்ணத்துக்கு மரம் மிஞ்சாது.