சொந்தக் கட்சியிலேயே அதிபருக்கு எதிரி!

வாசகர் கேள்வி – பதில்

● அமெரிக்காவில் பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்து அவர் கட்சிக்காரரே வேட்பாளராக நிற்க முடியுமா? மேலிடம் விடுமா? – திண்டுக்கல் வாசகர்

தாராளமாக நிற்கலாம். சீட்டு கொடுக்கும் மேலிடம் என்று அங்கே எதுவும் இல்லை. மாநிலம் மாநிலமாக பிரைமரி (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்) அல்லது காகஸ் (கட்சிக்காரர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) நடக்கும்; அதில் கிடைக்கும் ஓட்டுக்கேற்ப, கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகள் ஒதுக்கப்படுவார்கள். கோடைக்கால மாநாட்டில் அவர்களில் பாதிக்கு மேல் யாருக்கோ அவரே வேட்பாளர். சிக்கல், ஓட்டுச்சீட்டில் பெயர் ஏறுவதில்தான். நியூ ஹாம்ப்ஷயரில் 1,000 டாலர் கட்டி மனு கொடுத்தால் போதும். வேறு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரட்ட வேண்டும், கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தயங்கித் தயங்கித் தாமதமாக இறங்குகிறவர் பாதி மாநிலங்களை ஓட்டுப்பதிவுக்கு முன்பே இழந்துவிடுவார்.

● அப்படி நின்று அதிபரை வீழ்த்தியவர் உண்டா? – நாகர்கோவில் வாசகர்

பிரைமரி முறை வந்த பிறகு ஒருவரும் இல்லை. மயிரிழையில் தவறவிட்டவர் குடியரசுக் கட்சியின் ரீகன். 1976-ல் அதிபராக இருந்த அதே கட்சியின் ஃபோர்டு, நிக்சன் ராஜினாமாவால் பதவிக்கு வந்தவர். தேசியத் தேர்தல் எதிலும் ஜெயித்தவர் அல்ல. அப்படியிருந்தும் நியூ ஹாம்ப்ஷயர், ஃபுளோரிடா, இல்லினாய் என ரீகனுக்கு வரிசையாகத் தோல்வி. பனாமா கால்வாயைப் பனாமாவுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற விவகாரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் வட கரோலினா அவர் பக்கம் சாய்ந்தது. மே மாதம் டெக்சாஸில் ஃபோர்டுக்கு ஒரு பிரதிநிதிகூட மிஞ்சவில்லை.

கான்சாஸ் சிட்டியில் நடந்த கட்சி மாநாட்டில் வேட்பாளராகத் தேவை 1,130 பிரதிநிதிகள். யாருக்கும் உறுதியாக இல்லை. யார் பக்கமும் சேராத பிரதிநிதிகளை ஃபோர்டு வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். நாற்காலியில் இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் ஆயுதம் இது. ரீகன் தரப்பு, துணை அதிபர் வேட்பாளரை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்ற விதித் திருத்தத்தைக் கொண்டுவந்தது. காரணம் நுட்பமானது: பிரைமரி முடிவுக்குக் கட்டுப்பட்டு ஃபோர்டுக்கு ஓட்டுப்போட வேண்டியவர்களும் விதிகள் மீதான வாக்கெடுப்பில் மனம்போல் வாக்களிக்கலாம். ஆனால் ரீகன் தனக்குத் துணையாக அறிவித்திருந்த பென்சில்வேனியா செனட்டர் ஷ்வைக்கர் மிதவாதி. தென்மாநிலப் பழைமைவாதிகள் கொதித்துப்போனார்கள். 1,180-க்கு 1,069 என்று திருத்தம் தோற்றது. மறுநாள் வேட்பாளர் தேர்வில் ஃபோர்டு 1,187, ரீகன் 1,070. அது வெறும் சடங்கு; போட்டி முந்தைய இரவே முடிந்துவிட்டது.

● கென்னடி குடும்பப் பெயர் இருந்தும் 1980-ல் எட்வர்டு கென்னடியால் அதிபர் கார்ட்டரை அசைக்க முடியாதது ஏன்? – தஞ்சாவூர் வாசகர்

நேரம் சரியில்லை என்பது முதல் காரணம். ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் தடுமாறிய தொலைக்காட்சிப் பேட்டி ஒளிபரப்பான 1979 நவம்பர் 4 அன்றுதான் ஈரானின் டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகமும் கைப்பற்றப்பட்டது. நெருக்கடியில் மக்கள் அதிபர் பின்னால் திரண்டார்கள். அயோவாவில் கார்ட்டருக்கு 59 சதவீதம், கென்னடிக்கு 31. இரண்டாவது காரணம் கணக்கு. ஓட்டு விகிதப்படி பிரதிநிதிகளைப் பிரிக்கும் முறையில் ஆரம்பத்தில் விட்ட இடைவெளியைக் கடைசியில் அடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஜூன் 3 அன்று எட்டு மாநிலங்களில் ஐந்தை வென்றும் கென்னடிக்கு எட்டவில்லை. பிரதிநிதிகளை அவரவர் வாக்குறுதியிலிருந்து விடுவியுங்கள் என்று மாநாட்டில் கேட்டார். 1,936-க்கு 1,390 என்று அதுவும் போயிற்று. அன்றிரவே விலகினார்.

● 1968-ல் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் ஜெயித்தும் அதிபர் ஜான்சன் ஏன் விலகினார்? – சேலம் வாசகர்

நியூ ஹாம்ப்ஷயரில் அவருக்கு 49 சதவீதம், வியட்நாம் போரை எதிர்த்து நின்ற செனட்டர் யூஜின் மெக்கார்த்திக்கு 42. ஜான்சன் பெயர் சீட்டிலேயே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்ட ஓட்டு அது. அவர் பக்கம் பிரதிநிதி வேட்பாளர்கள் அளவுக்கு மீறி நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டதால், 24 இடங்களில் 20 மெக்கார்த்திக்குப் போனது. நான்கு நாளில் ராபர்ட் கென்னடியும் களமிறங்கினார். மார்ச் 31 அன்று ஜான்சன் ஒதுங்கிக்கொண்டார்.

● தோற்றவர் தனிக்கட்சி கண்டால்? – கோவை வாசகர்

1912-ல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத்தான் செய்தார். அதிபர் டாஃப்ட்டுக்குக் கிடைத்தது 8 தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முடிவுசெய்யும், மாநிலவாரியான வாக்குகள்), ரூஸ்வெல்ட்டுக்கு 88, இடையில் புகுந்த எதிர்க்கட்சி வேட்பாளர் வில்சனுக்கு 435. இன்று பிரைமரியில் தோற்றவர் அதே ஆண்டு பொதுத்தேர்தலில் வேறு கொடியில் நிற்பதைப் பல மாநிலங்களின் சட்டம் தடுக்கிறது.