லேன்ட்ரோவர் கதவில் துரு வருமா? மொடல் வாகனக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பெயின்ட் பற்றியவை. மே மாதத்துக்குப் பிறகு மழை தொடங்கினால் மலையில் அப்படித்தான் வரும்.

இத்தாலேரி கம்பெனியின் 1/24 அளவு லேன்ட்ரோவர் 109 பிளாஸ்டிக் கிட்டைக் கட்டி முடித்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் பழைய வண்டி மாதிரி கதவு, மட்கார்ட் எல்லாம் துருப்பிடித்ததாகக் காட்ட வேண்டும். எந்த நிறம் நல்லது? (மஸ்கெலியா)

நிறம் இருக்கட்டும், முதலில் வண்டியைப் பாருங்கள். லேன்ட்ரோவர் 1948இல் வந்தபோது இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அந்தப் பழக்கம் பிறகும் தொடர்ந்தது. மட்கார்டும் கதவின் வெளித்தகடும் துருப்பிடிக்காது. இணையத்தில் பார்க்கிற மொடல்களில் பாதி, பொனட் முழுக்கச் செம்பழுப்புத் துருவோடு நிற்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் பொய்.

உங்கள் தோட்டத்து வண்டிக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடம் மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். இரும்பும் அலுமினியமும் ஒட்டுகிற இடத்தில் பெயின்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளைத் தூள் கட்டியிருக்கும். உண்மையான துரு சேஸியிலும் லீப் ஸ்பிரிங்கிலும், டேஷ்போர்டைத் தாங்கும் முன்சுவரிலும், கால் வைக்கிற குழியிலும், கதவுக்குள் இருக்கிற இரும்புச் சட்டத்திலும்தான். அந்தச் சட்டத்துத் துரு மழைத் தண்ணீரோடு கதவின் அடி விளிம்பில் கோடாக வழியும். அந்த ஒரு கோட்டை மெல்லிய பிரஷால் சரியாக இழுத்தால் போதும், வண்டி உயிர் பெற்றுவிடும்.

செய்முறை இது. அடியில் அலுமினிய நிற லெக்கர் (தின்னரில் கரைகிற, சீக்கிரம் காயும் பெயின்ட்). காய்ந்ததும் தலைக்கு அடிக்கிற ஹெயார் ஸ்பிரே மெல்லிசாக. மேலே பச்சை அக்ரிலிக். ஒரு மணி நேரம் போல விட்டு, தண்ணீர் தொட்ட விறைப்பான பிரஷால் தேய்த்தால் பச்சை உரிந்து அலுமினியம் தெரியும். எங்கே தேய்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொழுந்துச் சாக்கை இழுத்து ஏற்றுகிற பின்கதவின் மேல் விளிம்பு, டிரைவர் கை வைக்கிற கதவோரம், கால் தேய்கிற வாசல் ஆகிய மூன்றும் போதும். வெள்ளி பளபளத்தால் சாம்பல் நிற வொஷ் (தண்ணீர் மாதிரி நீர்த்த பெயின்ட்) ஒன்று கொடுத்து அடக்கிவிடுங்கள்.

கறுப்பு லெக்கர் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளை பூத்துவிடுகிறது. பெயின்ட் கெட்டதா? (தலவாக்கலை)

பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டது காற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்று அதன்மேல் நீராகப் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகும் நாளில் பளபளப்பு லெக்கர் அடிக்கவே வேண்டாம். வெள்ளை பூத்ததைத் திருத்தலாம்: காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய புகையாக மேலே அடியுங்கள். மேற்பரப்பு திரும்ப இளகி, ஈரம் வெளியேறிவிடும்.

அப்புறம், உங்கள் பக்கம் தென்மேற்கு மழையில் நனைகிற ஜூலையில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்துதான் கிடக்கும். அங்கே சொந்தக்காரர் யாராவது இருந்தால் மொடலின் உடம்பை மட்டும் பெட்டியில் கொண்டுபோய் அடித்துக்கொண்டு வரலாம். காற்று பலமாக வீசும், தூசு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பங்கரையில் வைத்துக் காயவைக்கிற வேலை மட்டும் வேண்டாம். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். கிட் பிளாஸ்டிக் கொதிநீரிலேயே வளைந்துவிடும்.

நம்பர் தகடு எப்படிச் செய்வது? (ஹட்டன்)

முதலில் வண்டியின் வயதைப் பாருங்கள். 1960, 70களின் வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, நடுவில் சிங்கள ஸ்ரீ. அதற்குப் பிறகு வந்தது, ஸ்ரீக்குப் பதில் நடுவில் கோடு போட்ட டேஷ் நம்பர். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், மாகாண எழுத்து என்பதெல்லாம் 2000க்குப் பிறகு வந்தவை. சீரிஸ் 2 மாதிரிப் பழைய லேன்ட்ரோவரில் மஞ்சள் தகடு ஒட்டினால், விஷயம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். 1958இல் நிற்கிற வண்டி செய்கிறவர்கள், சிங்கள எழுத்தை எதிர்த்து அந்த ஸ்ரீ மேல் தார் பூசிய காலம் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. ஆகவே வெள்ளை டெக்கல் தாளில் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற படத்தாள்) கறுப்பை அச்சடித்து, எழுத்தை வெறுமனே விடுங்கள். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடுவதற்கு முன் மேலே கிளியர் லெக்கர் கட்டாயம். இல்லாவிட்டால் மை கரைந்து ஓடிவிடும்.

பல வருடம் பெட்டியில் கிடந்த கிட்டில் டயர் பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. (பதுளை)

வினைல் டயரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் செய்த வேலை. மேடு பள்ளத்தைப் புட்டி வைத்துத் தேய்த்துச் சரி செய்யுங்கள். இனிமேல் டயரைத் தனிப் பையில் போடுங்கள். ரிம்முக்கும் பெயின்ட் அடித்த பிறகே டயரை மாட்டுங்கள்.

ரெவல் கம்பெனியின் 1/24 ரூட்மாஸ்டர் லண்டன் பஸ் கிட்டை நம் இ.போ.ச. இரட்டைத்தட்டு பஸ்ஸாக மாற்ற முடியுமா? (கண்டி)

முடியும், எந்தக் காலம் என்பதைப் பொறுத்தது. 1958இல் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபை லண்டனில் ஓடிப் பழசான பஸ்களை வாங்கி ஓட்டியது. அப்பா, தாத்தா சொல்கிற அந்த பஸ் பெரும்பாலும் ரூட்மாஸ்டருக்கு முந்திய ஆர்.டி. வகை. முன்பக்கமும் நீளமும் வேறு. பக்கத் தகடுகளை அறுத்துச் சுருக்கி, ரேடியேட்டர் முகத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டில் புதிதாகச் செய்ய வேண்டும். முதல் மொடலாக இதில் இறங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். பழைய படங்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த வருடம் தொடங்குங்கள்.

அண்ணா, நான் ஏ.எல். படிக்கிறேன். லொறிக்கு அடியில் எங்கள் ஊர் செம்மண்ணையே போடலாமா? தேயிலைத் தூளும் நிறைய இருக்கிறது. (பொகவந்தலாவை)

போடலாம் தம்பி, சலித்துப் போடுங்கள். 1/24 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது உண்மையில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ரிமீட்டர் கல். பழைய நைலோன் காலுறையில் கட்டித் தட்டினால் மாவு மாதிரி விழுவது மட்டும்தான் வண்டியின் மேல் போகலாம். காலுறைக்குள் நிற்பது தரைக்கு. செம்மண் நனைந்தால் நிறம் இருண்டுவிடும், ஒட்டும் கலவை பட்டாலும் அப்படியே. வெளியே தெரியாத இடத்தில் கொஞ்சம் ஒட்டிக் காயவைத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

தேயிலைத் தூள் உதிர்ந்த சருகுக்கு நன்றாக வரும். ஆனால் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சாயம் போகக் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒட்டிய பிறகு மேலே பளபளக்காத மெட் வார்னிஷ் அடித்து மூடிவிடுங்கள். தூளை அம்மாவிடம் கேட்டே எடுங்கள்.