லெதர் பெர்ஃப்யூம்: முதல் நெடியை வைத்து முடிவெடுக்கலாமா?

கேள்வி: ‘ஆண்களுக்கான நயமான லெதர் நறுமணம்’ என்று அச்சிட்டிருந்த விலை உயர்ந்த பெர்ஃப்யூம் ஒன்றைக் கடையில் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்தேன். தாரும் புகையும் கலந்த நெடிதான் வந்தது. இதில் உண்மையிலேயே தோல் சேர்ந்திருக்கிறதா? அலுவலகத்துக்குப் பூசிச் செல்லலாமா?

பதில்: தோல் எதுவும் சேர்ந்திருக்காது. பதனிட்ட தோலை நினைவூட்டும் மணத்தைப் பல பொருள்களைக் கூட்டித்தான் உருவாக்குகிறார்கள். நீங்கள் உணர்ந்த நெடி, பிர்ச் மரப்பட்டையிலிருந்து இறக்கும் தாரிலிருந்து வந்திருக்கலாம். ரஷ்யாவில் தோலைப் பதப்படுத்த அந்தத் தாரின் எண்ணெயைத்தான் பயன்படுத்தினார்கள். கசப்பும் பச்சிலை வாடையும் தூக்கலாக இருந்தால், ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள் காரணமாக இருக்கக்கூடும்.

நயம் என்பது இந்தக் கடுமையை எதைக் கொண்டு தணித்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு சேரும்போது அதே லெதர் மணம், பவுடர் பூசியதுபோல் மென்மையாகி, உட்புறம் சொரசொரப்பான மெல்லிய தோலை நினைவூட்டும்; குங்குமப்பூ சேர்ந்தால் உலர்ந்த கதகதப்பு வரும். 2007-இல் வந்த டாம் ஃபோர்ட் நிறுவனத்தின் டஸ்கன் லெதர் என்ற பெர்ஃப்யூமில் ராஸ்பெர்ரியின் இனிப்பு இருக்கிறது. ஆனாலும் அது அடங்கிய மணம் அல்ல, அறை முழுக்கப் பரவும். ‘ஆண்களுக்கான’ என்ற சொல்லுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம்; லெதர் மணத்துக்குப் பேர்போன பாண்டிட் என்ற பெர்ஃப்யூம் 1944-இல் பெண்களுக்கென்றே வெளிவந்தது.

பழைய விமர்சனங்களை நம்பி வாங்குவதிலும் கவனம் தேவை. சுத்திகரிக்காத பிர்ச் தாரைச் சேர்க்கக் கூடாது என்பது சர்வதேச நறுமண அமைப்பான இஃப்ராவின் விதி என்பதால், பழைய பெயரிலேயே விற்கும் சில பெர்ஃப்யூம்களின் கலவை இன்று மாறியிருக்கலாம்.

காகிதத்தில் உடல் சூடு இல்லை. தவிர, முதல் சில நிமிடங்களில் ஆல்கஹாலும் குறுக்கிடும். லெதர் மணத்தைத் தரும் பொருள்களில் பல, மெல்ல ஆவியாகும் கனமான பொருள்கள். ஆகவே 2 மி.லி. மாதிரிக் குப்பி கிடைத்தால் வாங்கி, மணிக்கட்டில் ஒருமுறை மட்டும் அடித்துக்கொண்டு, தேய்க்காமல் விட்டு, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது புகை அடங்கி, புதிய கைப்பையைத் திறந்தாற்போன்ற மணம் உடலை ஒட்டி நின்றால், சட்டைக்குள் மார்பில் ஒருமுறை அடித்துக்கொண்டு அலுவலகத்துக்குத் தாராளமாகப் போகலாம். அப்போதும் தார்தான் மேலோங்கி நின்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் குப்பி உங்களுக்கு வேண்டாம்.