கையெழுத்திட்ட நாடுதான், ஆனாலும் சர்வர் பதிவுகள் ஏன் வரவில்லை?

கையெழுத்து மட்டும் போதாது. சைபர் குற்ற விசாரணையில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுவதற்கான புடாபெஸ்ட் சைபர் குற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாட்டிலிருந்து எட்டு மாதமாகியும் சர்வர் பதிவுகள் வரவில்லை, ஒப்பந்தமே வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாடும் உங்கள் நாடும் அதை முறைப்படி உறுதி செய்திருந்தால்தான் ஒப்பந்தம் இருவரையும் கட்டுப்படுத்தும். தென்னாப்பிரிக்கா 2001-லேயே கையெழுத்திட்டது. உறுதி செய்வதுதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இந்த உடன்படிக்கையை உருவாக்கிய ஐரோப்பிய கவுன்சிலின் ஒப்பந்தப் பட்டியலில் 185-ஆம் எண்ணைத் திறந்து, கையெழுத்துத் தேதியை விட்டுவிட்டு அந்தந்த நாட்டுக்கு நடைமுறைக்கு வந்த தேதியைப் பாருங்கள்.

சரி, இரண்டு நாடுகளுமே உறுப்பினர்கள் என்றால்? அப்போது என் சந்தேகம் கோரிக்கை போன விதத்தின் மேல்தான். ‘தரவை அழிக்காமல் வை’ என்பது ஒரு கோரிக்கை, ‘தரவைக் கொடு’ என்பது இன்னொன்று. முதலாவதை பிரிவு 35 சொல்லும் 24 மணி நேரத் தொடர்பு மையம் வழியாக உடனே அனுப்பலாம். பிரிவு 29-இன்படி குறைந்தது 60 நாள் தரவு காக்கப்படும். இரண்டாவது, அமைச்சக மேசைகளில் மாதக்கணக்கில் ஊரும். அதை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், பதில் வருவதற்குள் அந்தச் சர்வர் பதிவு தானாகவே அழிந்திருக்கும். (இது ஒப்பந்தத்தின் குறையா, அனுப்பியவரின் குறையா என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.) ‘அழிக்காமல் வை’ என்ற கோரிக்கை எந்தத் தேதியில் போனது என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, தரவைக் காத்து வைத்த நாடும் அரசியல் குற்றம், இறையாண்மை என்று காரணம் காட்டிக் கொடுக்க மறுக்கலாம். அப்புறம், 2024 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற புதிய சைபர் குற்ற உடன்படிக்கையை இப்போதே நம்ப வேண்டாம். 40 நாடுகள் உறுதி செய்து 90 நாள் கழிந்தால்தான் அது நடைமுறைக்கே வரும்.